தலைவிதியா? கட்டட விதியா?

தமிழில் "விதி" என்கிற ஒரே சொல்லுக்கு இரண்டு அர்த்தங்கள் வழங்கி வருகின்றன. ஒன்று, பிறக்கும்போதே தலையில் எழுதப்பட்டது என்றும், அதை மாற்ற எவராலும் ஆகாது என்றும் புராணக்காரர்கள் சொல்லும் தலைவிதி. மற்றொன்று, மனிதர்கள் கூடி யோசித்து, இன்ன காரியத்தை இன்னபடி செய்ய வேண்டும் என்று எழுதி வைத்துக் கொள்ளும் சட்ட விதி. முதல் விதியை எழுதினவனையும் எவரும் கண்டதில்லை. அந்த எழுத்தையும் எவரும் படித்ததில்லை. இரண்டாவது விதியோ அச்சாகி வருகிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த எவரும் படித்துப் பார்த்துக் கொள்ளலாம். இருந்தும், கண்ணால் காணாத விதிக்கு இந்த நாட்டில் இருக்கிற மரியாதையில் நூற்றில் ஒரு பங்குகூட அச்சிட்ட விதிக்கு இல்லை. இந்த மனப்பான்மைக்கு நம் குழந்தைகள் தங்கள் உயிரை விலையாகக் கொடுத்து வருகிறார்கள் என்பதே நாம் இன்று சொல்ல வந்த விஷயமாகும்.

2004-ஆம் வருஷம் ஜூலை மாதம் 16-ந் தேதி, வெள்ளிக்கிழமை காலை. கும்பகோணம் காசிராமன் தெருவில் ஒரே கட்டடத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிக்கூடங்கள் நடந்து வந்தன. மதிய உணவு சமைக்கிற கீற்றுக் கொட்டகையில் பற்றிய நெருப்பு, மாடி வகுப்புகளுக்கு மேல் வேய்ந்திருந்த கீற்றுக் கூரைக்குத் தாவிற்று. எரிகிற கூரை பிள்ளைகளின் தலைமேலேயே விழுந்தது. இறங்கி ஓடுவதற்கு இருந்ததோ குறுகலான படிக்கட்டு. 94 குழந்தைகள் மாண்டார்கள். சிலேட்டும் பலகையும் பிடிக்கிற வயது.

இம்மாதிரிச் சமயங்களில் நம்மவர்கள் சொல்லுகிற வாடிக்கையான சமாதானம் ஒன்று உண்டு. "அவர்கள் விதி முடிந்து விட்டது, நாம் என்ன செய்ய முடியும்?" என்பதுதான் அது. நாம் கேட்கிறோம்: அந்த 94 பிள்ளைகளும் ஒரே நட்சத்திரத்தில் பிறந்தவர்களா? ஒரே ராசிக்காரர்களா? அவர்கள் ஜாதகங்களை எல்லாம் ஒன்றாக அடுக்கி வைத்தால் ஒரே கட்டத்தில் ஒரே கிரகம் உட்கார்ந்திருக்குமா? ஒருநாளும் இராது. பிள்ளைக்குப் பிள்ளை நட்சத்திரம் வேறு, ராசி வேறு, வீடு வேறு, பெற்றோர் வேறு. அத்தனை பேருக்கும் பொதுவாக இருந்தவை இரண்டே இரண்டுதான். தலைக்கு மேலே கீற்று. காலுக்கு முன்னே குறுகிய படி. அப்படியிருக்க, கொன்றது தலைவிதியா, அல்லது கைவிடப்பட்ட கட்டட விதியா என்பதைப் பகுத்தறிவுள்ள எவரும் யோசித்துக் கொள்ளட்டும்.

கும்பகோணம் எப்படிப்பட்ட ஊர் என்பது தோழர்களுக்குத் தெரியும். தெருவுக்குத் தெரு கோயில். கும்பேசுவரர் கோயிலையும் சாரங்கபாணி கோயிலையும் பார்த்தவர்கள் சொல்லட்டும்: அங்கே சாமி குடியிருக்கிற அறைக்குக் கீற்றுக் கூரை உண்டா? பசி இல்லாத, வெயில் தெரியாத, ஓடி ஒளிய வேண்டிய அவசியமே இல்லாத கல்லுக்குச் சுற்றிலும் கல் மதில், மேலே கல் கூரை. பசிக்கிற, அழுகிற, பயந்தால் ஓடுகிற குழந்தைக்குத் தென்னங்கீற்று! எது எரியாதோ அதற்கு எரியாத வீடு, எது எரியுமோ அதற்கு எரிகிற வீடு என்று ஒரு சமூகம் ஏற்பாடு செய்து வைத்திருக்குமானால், அந்தச் சமூகத்தின் புத்திக்கு என்ன பெயர் சொல்லுவது?

இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். அதே ஊரில் 1992-ஆம் வருஷம் பிப்ரவரி 18-ந் தேதி நடந்த மகாமகத்தில் நெரிசலில் சிக்கிச் சுமார் 50 பேர் மாண்டார்கள். பாவம் போக்கிக் கொள்ளப் போனவர்கள் உயிரைப் போக்கிக் கொண்டார்கள். அதிலிருந்து சர்க்கார் பாடம் கற்றுக் கொண்டது. அடுத்த மகாமகம் 2004-ஆம் வருஷம் மார்ச்சு 6-ந் தேதி வந்தபோது, தடுப்புக் கட்டி, போலீசை நிறுத்தி, உள்ளே வரும் வழி எது, வெளியே போகும் வழி எது என்று பிரித்து நடத்தினார்கள். 1992-ஐப் போன்ற சாவு அந்தத் தடவை நடக்கவில்லை. நல்லதுதான்; குளத்துக்குப் போகிறவர்களும் நம் ஜனங்களே; அவர்கள் சாக வேண்டும் என்பது நம் கட்சியல்ல. ஆனால் இதிலிருந்து ருஜுவாவது என்ன? வழியை அகலப்படுத்தினால் சாவு குறையும், கூட்டத்தைப் பிரித்தால் சாவு குறையும் என்கிற சங்கதி சர்க்காருக்கு நன்றாகத் தெரியும் என்பதுதானே! 1992-இல் வந்த விதி 2004-இல் வராமல் போனதற்குக் காரணம் தடுப்புக் கட்டையும் போலீசும்தான், குளத்துத் தீர்த்தமல்ல. சரி, அந்த மகாமகம் முடிந்து 5 மாதம் ஆவதற்குள், அதே ஊரில் 94 குழந்தைகள் இறங்க வழியில்லாமல் கருகினார்களே! குளத்துப் படியை அளக்கத் தெரிந்தவர்களுக்குப் பள்ளிக்கூடத்துப் படியை அளக்க ஏன் தோன்றவில்லை?

"முன்பின் தெரியாமல் வந்த விபத்து" என்றும் சொல்ல இடமில்லை. 2001-ஆம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், மனநோய் தீரும் என்று நம்பித் தர்கா ஊருக்குக் கொண்டு வந்து விடப்பட்டவர்களில் 28 பேர், சங்கிலியால் கட்டப்பட்ட நிலையில் கீற்றுக் கொட்டகையோடு எரிந்து போனார்கள். 2004-ஆம் வருஷம் ஜனவரி 23-ந் தேதி சீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தல் பற்றி, மணமகன் உட்பட 50 பேருக்கு மேல் மாண்டார்கள். கல்யாணம் நல்ல முகூர்த்தத்தில் வைக்கப்பட்டதாகத்தான் இருக்கும். பஞ்சாங்கம் பார்க்காமலா வைத்திருப்பார்கள்? முகூர்த்தம் பார்த்தவர் பந்தலைப் பார்க்கவில்லை. ஏர்வாடி இசுலாமியர் தலம், சீரங்கம் வைணவர் தலம், கும்பகோணம் சைவர்க்கும் வைணவர்க்கும் தலம். மூன்று தலத்திலும் நெருப்பு மத வித்தியாசம் பார்க்கவில்லை. கீற்று எங்கே இருந்ததோ அங்கே பற்றிற்று.

சட்டம் இல்லாமல் நடந்ததா என்றால் அதுவும் இல்லை. 1920-ஆம் வருஷத்து மாவட்ட முனிசிபாலிடிகள் சட்டமே, எளிதில் தீப்பற்றும் புல், ஓலை, பாய் முதலியவற்றால் அனுமதியில்லாமல் கூரை போடக் கூடாது என்றது. 1965-ஆம் வருஷத்துப் பொதுக் கட்டட உரிமச் சட்டம், பள்ளிக்கூடம் போன்ற பொதுக் கட்டடம் எதுவும் உரிமம் பெறாமல் நடக்கக் கூடாது என்றும், கட்டடம் உறுதியானது என்று தகுதியுள்ளவர் சான்று கொடுக்க வேண்டும் என்றும் சொல்லிற்று. ஆக, கும்பகோணம் எரிந்த அன்று ஒரு சட்டத்துக்கு வயது 84, மற்றொன்றுக்கு 39. எரிந்த பிள்ளைகளின் வயது பத்துக்குச் சற்று முன்பின். சட்டங்கள் பீரோவில் பத்திரமாக இருந்தன.

அதன் பிறகு நடந்தவற்றையும் பார்ப்போம். நீதிபதி சம்பத் தலைமையில் விசாரணைக் கமிஷன் போட்டார்கள். பள்ளிகளில் கீற்றுக் கூரையை எடுக்கச் சொல்லி உத்தரவு போட்டார்கள். சுப்ரீம் கோர்ட்டில் அவினாஷ் மெஹ்ரோத்ரா என்பவர் தொடுத்த வழக்கில் 2009-ஆம் வருஷம் ஏப்ரல் 13-ந் தேதி தீர்ப்பு வந்தது. கல்வி உரிமை என்றால் பாதுகாப்பான பள்ளிக்கூடத்தில் படிக்கும் உரிமையும் அதில் அடக்கம் என்றும், தேசியக் கட்டட நெறிகளின்படி பள்ளிகள் இருக்க வேண்டும் என்றும், தீயணைப்புக் கருவி இருக்க வேண்டும், ஆசிரியர்களுக்கு அதில் பயிற்சி வேண்டும் என்றும் கோர்ட்டு சொல்லிற்று. அதே வருஷத்துக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், எல்லாப் பருவத்துக்கும் தாங்கும் கட்டடம் வேண்டும் என்று அட்டவணை போட்டது. தமிழ்நாட்டில் 2018-ஆம் வருஷத்துத் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. 2019-இல் தமிழ்நாடு முழுமைக்கும் ஒரே மாதிரியான ஒருங்கிணைந்த கட்டட விதிகள் வந்தன. இவையெல்லாம் நல்ல காரியங்களே. இவற்றை நாம் குறை கூறவில்லை.

குற்றவாளிகள் விஷயமோ? பத்து வருஷம் கழித்து 2014-ஆம் வருஷம் ஜூலை 30-ந் தேதி தஞ்சாவூர் கோர்ட்டு 21 பேரில் 10 பேரைக் குற்றவாளிகள் என்றது. 11 பேரை விட்டு விட்டது. 2017-இல் அப்பீலில் பள்ளி நிறுவனரின் ஆயுள் தண்டனை, அதுவரை சிறையிலிருந்த காலமே போதும் என்று குறைக்கப்பட்டது. தண்டனை பெற்றிருந்த பலரும் விடுவிக்கப்பட்டார்கள். கோர்ட்டார் தங்கள் முன் இருந்த சாட்சியத்தை வைத்துச் சொன்ன முடிவு. அதைப் பற்றி நாம் வாதாட வரவில்லை. ஆனால் நடந்த பிறகு தண்டிக்கிற வேலையை நம்பிக் கொண்டிருந்தால் எவ்வளவு காலம் ஆகும், கடைசியில் என்ன மிஞ்சும் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை. பாதுகாப்பு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் வருவது வழக்குத்தான், பிள்ளையல்ல.

நிற்க, இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். ஒரு கையால் விதி எழுதிய சர்க்கார் மற்றொரு கையால் என்ன செய்தது? திட்ட அனுமதி இல்லாமல் 2011-ஆம் வருஷம் ஜனவரி 1-ந் தேதிக்கு முன்னால் கட்டப்பட்ட கல்வி நிலையக் கட்டடங்களுக்கு இசைவு கொடுக்க 2018-இல் ஒரு திட்டம் கொண்டு வந்தது. விண்ணப்பிக்கக் கெடு வைத்தது. கெடு முடிந்தது, நீட்டினார்கள். அதுவும் முடிந்தது, மறுபடியும் நீட்டினார்கள். அதற்கு முன்பே, பள்ளிக்கு இவ்வளவு நிலம் வேண்டும் என்று நிபுணர் குழு வைத்த அளவுக்கு எட்டாத நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்கு வருஷா வருஷம் "தற்காலிக அங்கீகாரம்" கொடுத்து வந்த கதையும் உண்டு. தற்காலிகம் என்றால் எவ்வளவு காலம்? முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை படிப்பை முடித்து வெளியே போகிற வரைக்குமா?

இதைப் பார்க்கும்போது நமக்கு மகாமகக் குளம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. பன்னிரண்டு வருஷம் பாவம் செய்வது. ஒருநாள் குளத்தில் முழுகுவது. பாவம் போயிற்று என்று வீட்டுக்குப் போய் மறுபடியும் ஆரம்பிப்பது. புரோகிதன் தட்சணை வாங்கிக் கொண்டு பரிகாரம் சொல்லுகிறான். சர்க்கார் கட்டணம் வாங்கிக் கொண்டு இசைவு கொடுக்கிறது. பரிகாரம் செய்ததால் திருடின பொருள் உடையவனுக்குத் திரும்பி வருகிறதா? இசைவுக் காகிதம் கொடுத்ததால் மூன்றடிப் படிக்கட்டு ஆறடியாகிறதா? ஒரு வழியுள்ள மாடிக்கு இரண்டாவது வழி முளைக்கிறதா?

"பாதுகாப்பு நிபந்தனைகளோடுதானே கொடுக்கிறோம்" என்று சர்க்கார் தரப்பில் சொல்லலாம். அப்படியானால் நாம் கேட்பது மிகவும் எளிது. கெடு நீள்கிற அந்த வருஷங்களில் பிள்ளைகள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்? அதே கட்டடத்தில்தானே! காகிதத்துக்குத்தான் கெடு நீளுகிறது. விரிசலுக்கும் மின்சாரக் கம்பிக்கும் நெருப்புக்கும் எந்த இலாகாவும் கெடு நீட்டிக் கொடுக்க முடியாதே!

மற்றொரு ஆட்சேபணையும் உண்டு. அதை அலட்சியமாகத் தள்ளிவிட நாம் தயாராக இல்லை. "கண்டிப்பாக நடந்தால் ஏழைப் பிள்ளைகள் படிக்கிற சின்னப் பள்ளிகள்தான் மூடப்படும், பணக்காரப் பள்ளி பிழைத்துக் கொள்ளும். தலைமுறை தலைமுறையாகப் படிப்பு மறுக்கப்பட்டவன் பிள்ளையை மறுபடியும் தெருவில் நிறுத்துவதா உங்கள் சுயமரியாதை?" என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. படிக்காதே என்று மனுதர்மம் சொன்ன நாட்டில் ஒரு பள்ளிக்கூடம் மூடப்படுவது நமக்குச் சந்தோஷமான செய்தியல்ல.

ஆனால் இந்த ஆட்சேபணை இரண்டு வெவ்வேறு சங்கதிகளை ஒன்றாகக் குழப்புகிறது. விதிகளில் இரண்டு வகை உண்டு. இத்தனை கிரவுண்டு நிலம், இத்தனை அடி விளையாட்டு மைதானம் என்பது ஒரு வகை. நெருக்கடியான பட்டணத்துத் தெருவில் அதைத் தளர்த்தலாம். பக்கத்து மைதானத்தைப் பங்கிட்டுக் கொள்ளச் சொல்லலாம். அதில் நமக்குப் பிடிவாதம் இல்லை. இரண்டு பக்கமும் படி, வெளிப்புறம் திறக்கும் கதவு, எரியாத கூரை, வகுப்பை விட்டுத் தள்ளியிருக்கிற சமையலறை, இடியாத சுவர், பழுதில்லாத மின்கம்பி என்பது மற்றொரு வகை. இதில் தளர்த்த ஒரு அங்குலமும் இடமில்லை. முதல் வகையைக் காட்டிச் சலுகை கேட்டு, இரண்டாவது வகைக்கும் சேர்த்துச் சலுகை வாங்கிக் கொள்ளுவதுதான் நடந்து வருகிற பித்தலாட்டம்.

மேலும், ஏழைப் பிள்ளைக்காக இரங்குகிறவர்கள், ஆபத்தான பள்ளியில் அவனை உட்கார வைத்துத்தான் இரங்க வேண்டுமா? பள்ளியை மூடாதே, கட்டடத்தை மாற்று. சர்க்கார் பள்ளியானால் சர்க்கார் கட்டட்டும். உதவி பெறும் பள்ளியானால் உதவியோடு கண்காணிப்பும் போகட்டும். சம்பளம் வாங்கி நடத்தும் பள்ளியானால் அந்தச் சம்பளத்தில் முதல் செலவு படிக்கட்டாக இருக்கட்டும். அதுவரை பக்கத்தில் உள்ள பத்திரமான இடத்தில் வகுப்பு நடக்கட்டும். ஊரில் சத்திரம் இல்லையா, சமுதாயக் கூடம் இல்லையா? ஏன், ஆயிரம் பேர் தாராளமாக உட்காரக் கூடிய கல் மண்டபங்கள் கோயிலுக்குக் கோயில் வௌவாலுக்கு விட்டு வைக்கப்பட்டிருக்கின்றனவே, அங்கே நடத்தினால் எந்தச் சாமி எழுந்து ஓடிப் போகும்?

பழைய கதையைக் கிளறுகிறோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2021-ஆம் வருஷம் டிசம்பர் 17-ந் தேதி திருநெல்வேலியில் உதவி பெறும் பள்ளி ஒன்றில் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் மாண்டார்கள். அதன் பிறகுதான் பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடு, இடி என்று உத்தரவுகள் பறந்தன. 2025-ஆம் வருஷம் ஜூலை 25-ந் தேதி இராஜஸ்தானத்து ஜாலவார் ஜில்லா பிப்லோடி கிராமத்தில் சர்க்கார் பள்ளிக் கூரை இடிந்து 7 குழந்தைகள் மாண்டார்கள். இவற்றில் கீற்றும் இல்லை, தீயும் இல்லை. கூரையின் ஜாதி மாறியிருக்கிறதே ஒழிய, செத்த பிறகு அளக்கிற நம் வழக்கம் மாறவில்லை.

கட்டடம் கட்டுகிறவர்களைப் பாருங்கள். முதலில் கூப்பிடுகிறது வாஸ்துக்காரனை. வாசற்படி ஈசானியம் பார்க்கிறதா, சமையற்கட்டு அக்கினி மூலையில் இருக்கிறதா என்று கவலையோடு விசாரிக்கிறார்கள். அந்தச் சமையற்கட்டு பிள்ளைகள் இறங்கும் படிக்கு எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று கேட்கிறவர் எத்தனை பேர்? வாஸ்துவுக்காக இருக்கிற படியை இடித்து வேறு பக்கம் கட்டுவார்கள். விதிக்காக இல்லாத படியைக் கட்டமாட்டார்கள். ஆயுத பூஜையன்று தீயணைப்புக் கருவிக்குச் சந்தனம் பூசிப் பொட்டு வைப்பார்கள். அதற்குள் மருந்து இருக்கிறதா, காலாவதியாகி விட்டதா என்று திருப்பிப் பார்க்கமாட்டார்கள். அக்கினிக்குப் பூஜை செய்கிற நாட்டில் அக்கினிக்குப் பயப்படத் தெரியவில்லை என்றால், நம் படிப்பு எதற்கு என்று கேட்கின்றோம்.

ஆகவே தோழர்களே, சர்க்காரைத் திட்டிவிட்டுச் சும்மா இருப்பது நம் வேலையல்ல. உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளிக்கு ஒருநாள் போங்கள். நான்கு காகிதங்களைக் காட்டச் சொல்லுங்கள்: தாசில்தார் கொடுத்த கட்டட உரிமம், கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று. தேதி தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள். காகிதத்தோடு நின்றுவிடாதீர்கள், காசு கொடுத்தால் காகிதம் எங்கும் கிடைக்கும். மாடிக்கு ஏறிப் பாருங்கள். இரண்டு வழி இருக்கிறதா, ஒன்றைப் பூட்டி வைத்துச் சாமான் அடுக்கியிருக்கிறார்களா, ஜன்னல் கம்பியைத் திறக்க முடியுமா, சுவர் விரிந்திருக்கிறதா என்பதைப் பார்க்க இஞ்சினீர் படிப்பு வேண்டியதில்லை, கண் போதும். சர்க்கார் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் மேலாண்மைக் குழு உண்டு. அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். அந்தத் தாய்மார்கள் கையெழுத்துப் போடப் போகிறவர்களாக மட்டும் இராமல் கேள்வி கேட்கிறவர்களாக ஆக வேண்டும். காட்ட மறுத்தால், 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் செலவில் தாசில்தாருக்கு எழுதுங்கள். முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.

சர்க்காருக்கும் நாம் சொல்லுகிறோம். இசைவுத் திட்டத்தில் விண்ணப்பித்த ஒவ்வொரு பள்ளியின் பெயரையும், சோதித்த தேதியையும், சோதித்த அதிகாரியின் பெயரையும், கண்ட குறையையும் பள்ளி வாசலில் தமிழில் எழுதித் தொங்க விடட்டும். படியும் கூரையும் சுவரும் சரியில்லாத கட்டடத்துக்கு இனி ஒரு நாளும் கெடு நீட்டக் கூடாது. சோதிக்காமல் சான்று கொடுத்த அதிகாரிக்குத் தண்டனை, பிள்ளை செத்த பிறகல்ல, பொய்ச் சான்று கண்டபோதே வரட்டும்.

கோயிலுக்குப் போய்ப் "பிள்ளையை நல்லபடியாகப் பார்த்துக் கொள்" என்று வேண்டிக் கொள்ளுகிற தாய்க்கு நாம் சொல்லுவது இதுதான். அம்மா, அந்தக் கும்பகோணத்துத் தாய்மாரும் வேண்டிக் கொண்டவர்கள்தான். வேண்டுதல் கதவைத் திறக்கவில்லை. கதவை வெளிப்புறம் திறக்கும்படி தச்சன் வைத்திருந்தால் திறந்திருக்கும். நாளைக் காலையில் தேங்காய் உடைக்கப் போகிற நேரத்தில் பள்ளிக்கூடத்து மாடிப்படியை ஒருமுறை ஏறி இறங்கி வாருங்கள். தலைவிதியை மாற்ற முடியாது என்கிறார்கள்; அது போகட்டும். கட்டட விதியை மாற்றவும் முடியும், மாற்றாமல் காக்கவும் முடியும். அது நம் கையில் இருக்கிறது.